ஒன்பது பேரு, ஒரே தட்டு, ஒரு பாஸ்கா

"இதுக்கெல்லாம் கரண்டி எங்கட்டி?"ன்னு அம்மா கேட்டப்போ மேசையில பதினோரு தட்டு வந்து இறங்கியிருந்துச்சு. ஹம்முஸ், பாபா கனூஜ், லப்னே, தப்பூலே, ஃபத்தூஷ், திராட்சை இலையில சோத்த வச்சு சுருட்டினது, பீட்ரூட் சாயம் ஏறின ரோஸ் கலர் ஊறுகாய், ஆலிவ், இன்னும் பேர் தெரியாத ரெண்டு மூணு. தப்பூலேவுல மட்டும் ஒரு ஸ்பூன் சொருகியிருந்துச்சு, மத்ததெல்லாம் மொட்டையா இருந்துச்சு, நடுவுல ஒரு கூடை நிறைய மெல்லிசு ரொட்டி. ரொட்டிதாம்மா கரண்டின்னு சொன்னேன். அம்மா கூடையப் பாத்தாங்க, என்னப் பாத்தாங்க, அந்தப் பக்கம் உக்காந்திருந்த அண்ணனப் பாத்தாங்க, கைப்பையிலருந்து டிஷ்யூ எடுத்து தன் தட்ட ஒருதடவ துடைச்சாங்க. "அப்ப எனக்கு முதல்ல எடுத்து வச்சிருங்க, அப்புறம் நீங்க எல்லாரும் உழப்பிக்கோங்க."

இது 2025 ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு, மத்தியானம் ரெண்டரை மணி, சிட்னியில கிரான்வில்ல ஒரு லெபனான் ஹோட்டல். இடத்த ஏன் சொல்றேன்னா லெபனான் சாப்பாட்டுக்கு சிட்னி மேற்குப் பக்கத்த விட்டா வேற பேச்சே கிடையாது. கிரான்வில், மெர்ரிலாண்ட்ஸ், பஞ்ச்போல், இந்தப் பக்கமெல்லாம் லெபனான்காரங்க ஊருதான். நாங்க ஹாரிஸ் பார்க் பக்கத்துல இருக்கோம். ஹாரிஸ் பார்க்குன்னா இப்ப எல்லாருக்கும் விக்ரம் ஸ்ட்ரீட்டு, தோசை, பானி பூரி, 'லிட்டில் இந்தியா'ன்னுதான் ஞாபகம் வரும், ஆனா அதே ஏரியாலதான் லெபனான் மாதா கோயில் இருக்கு, மாரோனைட்னு சொல்ற லெபனான் கத்தோலிக்கர்களோட இணைப் பேராலயம். நாம வந்து தோசைக்கல்லப் போடுறதுக்கு முன்னாடியே அவங்க அங்க ரொட்டி சுட்டுக்கிட்டு இருந்தவங்க. இன்னைக்கும் ஞாயித்துக்கிழமை அந்தப் பக்கம் கார் நிறுத்த இடம் கிடைக்காது, ஒரு பாதி பூசைக்கு வந்தவங்க, மறுபாதி பிரியாணிக்கு வந்தவங்க.

நாங்க தூத்துக்குடி. பனிமய மாதா கோயில் பங்கு, அதாவது அந்தக் கோயிலச் சேர்ந்த சனம். எங்க வீட்டுல ஈஸ்டர்னு யாரும் சொல்றதில்ல, பாஸ்கா. நாற்பது நாள் தவக்காலம் முழுக்க கறி மீன் முட்ட எதுவும் கிடையாது, வெள்ளிக்கிழமையானா ஒருசந்தி, ஒருவேளை சாப்பாடுதான், பெரிய வெள்ளி அன்னைக்கு கோயில்ல ஊத்துற கஞ்சி, அப்புறம் சனிக்கிழமை நடுராத்திரி பூசையில திரை விலகி உயிர்த்த ஆண்டவர் சொரூபம் மேல ஏறும், வெளிய வெடி வெடிப்பாங்க, வீட்டுக்கு வந்ததும் ராத்திரி ரெண்டு மணிக்கு ஆட்டுக்கறிக் குழம்பும் இடியாப்பமும். நாப்பது நாள் காஞ்ச வாய்க்கு அந்த முதல் துண்டு கறி இருக்கே. சரி விடுங்க.

அம்மாவுக்கு சிட்னி பாஸ்கா மேல பெரிய மரியாதை இல்ல. விசிட்டர் விசாவுல பிப்ரவரியில வந்தாங்க. சனிக்கிழமை திருவிழிப்பு ராத்திரி ஏழு மணிக்குன்னு சொன்னதுமே மூஞ்சி போயிருச்சு. "ஏழு மணிக்கா ஆண்டவர் உயிர்ப்பாரு? அந்நேரம் கல்லறைய அடைச்ச சேவகனுக்கே தூக்கம் வந்திருக்காதே." வெடியும் இல்ல. எட்டே முக்காலுக்கு பூசை முடிஞ்சு ஒம்பது மணிக்கு வீட்டுல உக்காந்து டீ குடிச்சோம். அதுக்கு மேல நான் ஈஸ்டர் அன்னைக்கு சமைக்கல, வெளிய சாப்பிடப் போறோம்னு சொன்னது. அது அம்மாவப் பொறுத்தவரைக்கும் கிட்டத்தட்ட மதம் மாறின மாதிரி.

ஏன் சமைக்கலன்னா அண்ணன் குடும்பம் மெல்பர்ன்ல இருந்து வந்திருந்துச்சு. அதுக்கு ஏன் சமைக்கக் கூடாதுன்னு கேப்பீங்க, சமைச்சிருக்கணும்தான். ஆனா ரெண்டு வருஷமா எனக்கும் அண்ணனுக்கும் சரியான பேச்சு கிடையாது. ஃபோன்ல "சாப்பிட்டியா", "பிள்ளைங்க எப்படி இருக்கு", "சரி வைக்கட்டா", அவ்வளவுதான். காரணம் வேறென்ன, வீடு. கடற்கரை ரோட்டுக்குப் பின்னால அப்பா கட்டின வீடு, அப்பா போய் ஆறு வருஷம் ஆச்சு, அம்மா தனியா இருக்காங்க, மாடியில ஒழுகுது. அண்ணன் பில்டர்கிட்ட குடுத்து ஃபிளாட் கட்டி ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கலாம்ங்கிறான். நான் அது அப்படியே இருக்கட்டும்ங்கிறேன். 2023ல ஒருநாள் ஃபோன்ல அவன் "அப்ப என் பங்க பிரிச்சுக் குடுத்துரு"ன்னு சொன்னான், நான் திருப்பி ஒண்ணு சொன்னேன், அத இங்க எழுதமாட்டேன். அம்மா வந்திருக்காங்கன்னுதான் ஒம்பது மணி நேரம் கார் ஓட்டிக்கிட்டு வந்தான். ஒரே வீட்டு அடுப்படியில மதினியும் நானும் அம்மாவும் ஒரு நாள் முழுக்க நின்னா என்ன பேச்சு வரும்னு எனக்குத் தெரியும், அதனால ஹோட்டல். பொது இடத்துல யாரும் கத்த முடியாதுல்ல.

அந்த வருஷம் பாருங்க, மேற்கு ஈஸ்டரும் ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டரும் ஒரே நாள்ல வந்துச்சு. எல்லா வருஷமும் அப்படி வராது, 2024ல ஒண்ணு மார்ச் 31, இன்னொண்ணு மே 5, நாள் கணக்குப் போடுற காலண்டரே வேற வேற. மாரோனைட்காரங்க நம்மள மாதிரி ரோமோட சேர்ந்து கொண்டாடுவாங்க, லெபனான் ஆர்த்தடாக்ஸ்காரங்க அவங்க கணக்குல. 2025ல ரெண்டும் ஒண்ணா விழுந்ததுல கிரான்வில்ல இருக்குற அத்தன குடும்பமும் ஒரே மத்தியானம் சாப்பிட வந்திருச்சுன்னு நினைக்கிறேன். எங்களுக்கு ரெண்டாவது பந்தி, ரெண்டரை மணி. உள்ள போனா கல்யாண வீடு தோத்துச்சு. ஒவ்வொரு மேசையும் இருபது பேரு, பாட்டிங்க, கைக்குழந்தைங்க, புதுச் சட்டை போட்ட பசங்க நாற்காலிக்கு அடியில ஓடுறாங்க, ஒருத்தரும் மெதுவா பேசல. அம்மா வாசல்லயே நின்னு ஒரு நிமிஷம் பாத்துட்டு "நம்ம ஆளுங்க மாதிரிதான் இருக்காவ"ன்னாங்க. அது நல்ல அறிகுறி.

ஆனா அந்த எச்சில் விஷயம்.

எச்சில்ங்கிற வார்த்தைய வேற யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியாதுன்னு இங்க வந்த புதுசுலயே தெரிஞ்சுக்கிட்டேன். ஆஃபீஸ்ல ஒருத்தி என் தண்ணி பாட்டில வாங்கி வாய் வச்சுக் குடிச்சுட்டு திருப்பிக் குடுத்தா, நான் அத அன்னைக்கு முழுக்க தொடல, அவளுக்கு காரணமும் சொல்லல. எங்க வீட்டுல தண்ணிய அண்ணாந்துதான் குடிக்கணும். கடிச்ச பண்டத்த இன்னொருத்தருக்குக் குடுக்கக் கூடாது. ஒரு கையால சாப்பிட்டுக்கிட்டே அதே கையால சட்டிய தொட்டா அம்மா கரண்டியாலயே அடிப்பாங்க. ஆனா அதே அம்மா, நாங்க சின்னப் பிள்ளையா இருந்தப்போ ஒரு பெரிய கிண்ணத்துல மீன் குழம்பும் சோறும் பிசைஞ்சு என்னையும் அண்ணனையும் சுத்தி உக்கார வச்சு மாத்தி மாத்தி உருட்டி வாயில போடுவாங்க, அது எச்சில் கிடையாது. ஏன்னு கேட்டா அது அப்படித்தான். தாய் கை, ஒரு வயிறு, அந்தக் கணக்கு.

லெபனான் மேசையில அந்தக் கணக்கு மேசை முழுக்க விரிஞ்சிருக்கு. ரொட்டிய ஒரு துண்டு பிய்க்கணும், ரெட்டையா இருக்குற ஓரத்துல விரல விட்டு படகு மாதிரி மடக்கணும், ஹம்முஸ்ல ஓரத்துலருந்து நடுவுக்கு ஒரு இழுப்பு, அப்படியே வாயில. கடிச்சிட்டு மிச்சத்த திரும்பத் தொட மாட்டாங்க, அதுக்குன்னுதான் துண்டு சின்னதா பிய்க்கிறது, ஒரு துண்டு ஒரு வாய். ஆக அவங்களுக்கும் ஒரு எச்சில் கணக்கு இருக்கத்தான் செய்யுது, நமக்கு தட்டுல கோடு, அவங்களுக்கு ரொட்டியில கோடு. இத நான் அம்மாவுக்கு விளக்கிக்கிட்டு இருக்கும்போதே பக்கத்துல அண்ணன் பொண்ணு ஒரு கேரட்டக் கடிச்சு, முக்கி, கடிச்சு, மறுபடி முக்கினா. அம்மா கண்ண மூடிக்கிட்டாங்க.

அப்புறம் கண்ணத் திறந்து ரொம்ப சாதாரணமா சொன்னாங்க: "யூதாசும் இப்படித்தான தொட்டான். புதன்கிழமை வாசிச்சாங்கள்ல, என்கூட பாத்திரத்துல தொட்டுத் திங்குறவன்தான் காட்டிக் குடுப்பான்னு."

மேசையில ஒரு நிமிஷம் சத்தம் இல்ல. நானும் அண்ணனும் அப்ப ஒரே ஹம்முஸ் தட்டுல கை வச்சிருந்தோம், அவன் அந்த ஓரம், நான் இந்த ஓரம். நான் அவனப் பாக்கல. என் வீட்டுக்காரர் மட்டும், பாவம், மனுஷனுக்கு எப்பவும் தப்பான நேரத்துலதான் சிரிப்பு வரும், தண்ணி புரையேறிக் கெடந்தாரு. அண்ணன் கைய எடுக்காம "அப்ப இங்க யார்ம்மா ஏசு?"ன்னு கேட்டான், அதுக்கு மதினி சிரிச்சா, நானும் சிரிச்சிட்டேன், சிரிச்சிருக்கக் கூடாதுன்னு அப்புறம்தான் தோணுச்சு.

யோசிச்சுப் பாத்தா அந்த பைபிள் வரிய முதல்தடவ எனக்குக் கண்ணால காட்டினது அந்த மேசைதான். கோயில்ல எத்தன வருஷம் கேட்டிருக்கேன், இராவுணவு படத்துல எல்லாருக்கும் முன்னாடி தனித்தனி தட்டு வச்சு வரைஞ்சிருப்பாங்க, அதனால பாத்திரத்துல தொடுறதுன்னா என்னன்னே மனசுல ஏறினதில்ல. அந்த நாட்டுப் பக்கம் சாப்பாடே இப்படித்தான், பொதுத் தட்டு, ரொட்டி, தொட்டுக்கிறது. பன்னெண்டு பேரும்தான் தொட்டிருப்பாங்க, ஒருத்தனுக்கு மட்டும் அடையாளம்னு என்ன இருக்கு. கூட உக்காந்து தின்னவன் அப்படிப் பண்ணிட்டானேங்கிற வலிதான் அது. சரி, பிரசங்கம் வேண்டாம், அதுக்கு சாமியார் இருக்காரு.

சாப்பாட்டுக்கு வருவோம். அம்மா ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஊர்ப் பேரு வச்சாங்க. ஹம்முஸ் "சுண்டல அரைச்சு வச்சிருக்காவ", அது நூத்துக்கு நூறு சரி, அரபியில ஹம்முஸ்னாலே கொண்டக்கடலதான், கூட அரைச்ச எள்ளு, எலுமிச்சை, பூண்டு, மேல ஆலிவ் எண்ணெய். எள்ளு வாசம் அம்மாவுக்கு உடனே தெரிஞ்சிருச்சு, "நல்லெண்ணெய்க்கு முந்தின கட்டம்". பாபா கனூஜ் "சுட்ட கத்திரிக்கா பச்சடி". தப்பூலேவப் பாத்து "கொத்தமல்லி இவ்வளவா போடுவாங்க"ன்னாங்க, அது பார்ஸ்லி, அதுல உடைச்ச கோதுமை ஏதோ சாமி கும்பிட்டுத் தூவின மாதிரிதான் இருக்கும், வெளியூர் ஹோட்டல்ல கோதுமை நிறைய போட்டு உப்புமா மாதிரி குடுப்பாங்க, அது தப்பூலே இல்ல, இத நான் சண்டை போட்டே சொல்வேன். சம்பூசெக் வந்ததும் "இது சம்சால்ல?". ஆமா, பேரும் ஒரே பாரசீக வேருதான், அது அந்தப் பக்கம் போச்சு, இது இந்தப் பக்கம் வந்துச்சு.

கிப்பே வந்தப்போதான் விஷயமே மாறுச்சு. ஆட்டுக்கறியும் உடைச்ச கோதுமையும் சேர்த்து அரைச்ச மாவு, உள்ள வெங்காயம், கறி, பைன் பருப்பு, ரெண்டு பக்கமும் கூர்மையா உருட்டி எண்ணெயில பொரிச்சது. அம்மா ஒண்ண எடுத்து ரெண்டாப் பிட்டு உள்ள பாத்தாங்க, மோந்து பாத்தாங்க. "கோலா உருண்ட!" நாப்பது நாளுக்கப்புறம் முதல் கறி. கண்ண மூடித் தின்னாங்க. அதுக்கப்புறம் எனக்கு முதல்ல எடுத்து வைங்கங்கிற பேச்சே இல்ல, தட்டு எங்க இருக்கோ அங்க கை போச்சு.

பக்கத்து மேசையில பச்சைக் கிப்பே ஓடிக்கிட்டு இருந்துச்சு, அதாவது அன்னைக்கு அறுத்த ஆட்டுக்கறிய கொழுப்பு நரம்பு இல்லாம அரைச்சு, கோதுமை சேர்த்து, தட்டுல பரப்பி, ஆலிவ் எண்ணெய் ஊத்தி, புதினா, பச்ச வெங்காயத்தோட அப்படியே. வேக வைக்கிறதே கிடையாது. அண்ணன் எட்டி எட்டிப் பாக்குறதக் கண்டு அந்த மேசைப் பெரியவர் ரொட்டியில ஒரு வாய் மடக்கிக் கையிலயே நீட்டிட்டாரு, யாருன்னே தெரியாத மனுஷன். அண்ணன் வாங்கித் தின்னுட்டான். "எப்படில இருந்துச்சு"ன்னு அம்மா கேட்டதுக்கு "குளுமையா இருக்கும்மா"ன்னு சொன்னான், எனக்கு அந்த வார்த்த அவ்வளவு பொருத்தமாப் பட்டுச்சு. நான் தொடல. எனக்கு அந்த தைரியம் கிடையாது, வீரம் பேசுறதுக்கு இந்த விஷயத்துல ஒண்ணும் இல்ல.

அவனும் என் வீட்டுக்காரரும் அரக் சொன்னாங்க. சோம்பு வாசம் தூக்கும், தண்ணி சேர்த்ததும் கண்ணாடி மாதிரி இருந்தது பால் மாதிரி மாறிடும், ஒரு பங்கு அரக்குக்கு ரெண்டு பங்கு தண்ணி. இலங்கை அராக்கும் இதுவும் பேருதான் ஒண்ணு, சரக்கு வேற. பிள்ளைங்க "ஆச்சி, மேஜிக்"னு கத்துச்சுங்க, அம்மா "பினாயிலும் இப்படித்தான் மாறும்"னு முடிச்சுட்டாங்க.

அப்புறம் பூண்டு. தூம்னு சொல்வாங்க. பூண்டு, உப்பு, எலுமிச்சைச் சாறு, எண்ணெய், இவ்வளவுதான், முட்டை கிடையாது, ஆனா எண்ணெயச் சொட்டுச் சொட்டா விட்டு அரைச்சு அரைச்சு வெண்ணெய் மாதிரி வெள்ளையா பொங்க வச்சிருப்பாங்க. நான் வீட்டுல மூணு தடவ ட்ரை பண்ணி மூணு தடவயும் திரிஞ்சு போச்சு, அவசரப்பட்டா திரியும். கரியில சுட்ட ஷிஷ் தாவூக் கோழியோட வந்துச்சு. அம்மா ரொட்டி நுனியில இத்தினியூண்டு தொட்டு நாக்குல வச்சு, ஒண்ணும் பேசாம, அந்தக் கிண்ணத்த மெதுவா தன் பக்கமா இழுத்து வச்சுக்கிட்டாங்க. பதினோரு தட்டு மேசையில அது ஒண்ணு மட்டும்தான் அதுக்கப்புறம் பொது இல்ல.

நாலு மணி இருக்கும், கூட்டம் கொஞ்சம் ஓஞ்சதும் ஹோட்டல்காரரோட அம்மா வந்தாங்க. எண்பது வயசு இருக்கும், கருப்பு கவுன், கழுத்துல சிலுவை, எல்லாரும் தேத்தா தேத்தான்னு கூப்பிடுறாங்க, பாட்டின்னு அர்த்தம். கையில ஒரு கூடை, அதுல வெங்காயத் தோலு போட்டு வேக வச்ச முட்டை, செங்கல் நிறத்துல. ஒவ்வொரு மேசையிலயும் பிள்ளைங்களுக்கு ஒண்ணு. "அல் மஸீஹ் காம்"னாங்க, கிறிஸ்து உயிர்த்தார்னு அர்த்தம், பக்கத்து மேசை மொத்தமும் "ஹக்கன் காம்", மெய்யாவே உயிர்த்தார். நாங்க முழிச்சோம். அம்மா மட்டும் எழுந்து நின்னு "அல்லேலூயா"ன்னாங்க, அது எந்த நாட்டுலயும் செல்லும்.

முட்டை விளையாட்டு ஒண்ணு இருக்கு. ஒருத்தர் முட்டையப் பிடிக்கணும், இன்னொருத்தர் தன் முட்டை நுனியால அத முட்டணும், உடையாத முட்டைக்காரன் அடுத்த ஆளோட மோதணும். எங்க பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்காகிட்ட அப்புறம் சொன்னேன், "எங்கட ஊரில வருசத்துக்குப் போர்த்தேங்காய் அடிக்கிறது மாதிரித்தானே"ன்னாங்க. அண்ணன் மகன் எல்லாரையும் ஜெயிச்சுக்கிட்டே வந்தான், கடைசியில அம்மா. அம்மா முட்டைய உள்ளங்கையில முழுசா மூடி, நுனி மட்டும் ஒரு பொட்டு தெரியுற மாதிரி பிடிச்சாங்க. தேத்தா அதப் பாத்துட்டு கை தட்டி ஏதோ அரபில சொல்லிச் சிரிச்சாங்க. டக். பையன் முட்டை போச்சு. எங்கம்மா ஈஸ்டர் முட்டைப் போட்டி சாம்பியன், சொன்னா தூத்துக்குடியில நம்பமாட்டாங்க.

அதுக்கப்புறம் தேத்தா எங்க மேசையிலயே உக்காந்துட்டாங்க. ரெண்டு கிழவிக்கும் இங்கிலீஷ் கிடையாது. அம்மா தமிழ்ல பேச அவங்க அரபில பதில் சொல்ல அது பாட்டுக்கு நடந்துச்சு. அம்மா கைப்பையிலருந்து மக்ரூன் டப்பாவ எடுத்தாங்க, ஏர்போர்ட்ல டிக்ளேர் பண்ணி கொண்டு வந்த தூத்துக்குடி மக்ரூன், முட்டை வெள்ளையும் சீனியும் முந்திரியும், எங்க போனாலும் அது கூடவே போகும். தேத்தா ஒண்ணு வாயில போட்டு அது கரையுற வரைக்கும் கைய உயர்த்திப் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க, யாரும் பேசாதீங்கங்கிற மாதிரி. உள்ள ஆள் அனுப்பி ஒரு தட்டு மஅமூல் வரவழைச்சாங்க. ரவைல பண்றது, உள்ள பேரீச்சம்பழம், வால்நட், பிஸ்தா, மர அச்சுல தட்டி எடுப்பாங்க, ஆரஞ்சுப் பூத் தண்ணி வாசம் வரும், மேல சீனிப் பொடி. பெரிய நோன்பு முழுக்க காத்திருந்து வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் கூடி உக்காந்து பண்றது. மாரோனைட்காரங்களுக்கு நோன்பு நமக்கு ரெண்டு நாள் முந்தியே ஆரம்பிச்சிரும், சாம்பல் புதன் இல்ல, சாம்பல் திங்கள். அம்மாவுக்கு அது தெரிஞ்சதும் அவங்க மேல மரியாதை ஒரு படி ஏறிருச்சு.

பேரன் ஒருத்தன் தட்டு எடுக்க வந்தவன் மொழிபெயர்க்க மாட்டிக்கிட்டான். தேத்தா 1976ல வந்தாங்களாம், வடக்குப் பக்கம் மலையில ஊரு. 1975 ஏப்ரல் 13ல அங்க உள்நாட்டுச் சண்டை ஆரம்பிச்சு, பதினஞ்சு வருஷம் ஓடுச்சு. நாங்க சாப்பிட்டதுக்கு முந்தின ஞாயிறு, குருத்து ஞாயிறு அன்னைக்கு, சரியா 50 வருஷம். "ஒரு வருஷத்துல திரும்பிப் போயிரலாம்னு சாவிய எடுத்துட்டு வந்தாங்க"ன்னான் பேரன். வீடு இன்னும் இருக்கா?

இருக்காம். யாரும் இல்லாம இருக்காம். அவனோட கொள்ளுத் தாத்தா பேருலயே கிடக்கு, லெபனான்ல எந்த சொத்தையும் கணக்குக்கு 2400 பங்கா வச்சுத்தான் எழுதுவாங்களாம், பிள்ளைங்க, பிள்ளைங்களோட பிள்ளைங்கன்னு பங்கு சிதறி இப்போ சிட்னி, பிரேசில், கனடான்னு நாப்பது பேருக்கு மேல சொந்தக்காரங்க. "எனக்கே ஏழோ எட்டோ பங்கு வரும், கழிப்பறையில பாதி"ன்னு சிரிச்சான். விக்கவும் முடியாது, கூரை போடவும் முடியாது, எல்லாரும் கையெழுத்துப் போடணும். ஒலிவ மரம் மட்டும் வருஷா வருஷம் காய்க்குது, பக்கத்து வீட்டுக்காரங்க பறிச்சு எண்ணெய் ஆட்டி ரெண்டு டின் அனுப்புவாங்களாம். அவன் எங்க ஹம்முஸ் தட்டக் காட்டினான், ஓரத்துல கொஞ்சம் எண்ணெய் ஒட்டியிருந்துச்சு, "அது அந்த எண்ணெய் இல்ல, அத விக்க மாட்டோம், வீட்டுக்கு மட்டும்."

அம்மாவுக்கு நான் இத தமிழ்ல சொல்லணும். பங்குங்கிற வார்த்தைய சொல்லாம சொல்ல முடியுமான்னு பாத்தேன், முடியல. நம்மகிட்ட கோயிலுக்கும் அதே வார்த்த, சொத்துக்கும் அதே வார்த்த. நான் சொல்லச் சொல்ல அண்ணன் ரொட்டிய சின்னச் சின்னதா பிய்ச்சுப் போட்டுக்கிட்டே இருந்தான், திங்கல. அம்மா கேட்டுட்டு தேத்தா கையப் பிடிச்சு "ஒழுகுதா?"ன்னு மட்டும் கேட்டாங்க. பேரன் அத எப்படிச் சொன்னானோ, தேத்தா கையால மழை மாதிரி காட்டினாங்க. அம்மாவும் அதே மாதிரி கையக் காட்டி, தன்னையும் தொட்டுக் காமிச்சாங்க.

பில்லு வந்துச்சு. பெரியவங்க அஞ்சு பேரு ஆளுக்கு 69 டாலர், பிள்ளைங்க நாலு ஆளுக்கு 35, மொத்தம் 485. ஈஸ்டர் ஞாயிறு இந்த மாநிலத்துல பொது விடுமுறை, அதுக்கு 15 சதவீதம் மேல, ஆக 557 டாலர் 75 சென்ட், அரக் கணக்கு தனி. என் வீட்டுக்காரர் கார்ட எடுக்கறதுக்குள்ள அண்ணன் பாத்ரூம் போற மாதிரி போய் கட்டிட்டு வந்துட்டான், அடுத்தவன் பில்லக் கட்டுறதுக்குள்ள முந்திக்கிற இந்த வித்த லெபனான்காரங்ககிட்ட ஒரு மத்தியானத்துல கத்துக்கிட்டது. நான் "பாதி நான் தர்றேன்"னேன். "வேண்டாம், வீட்டுக் கணக்குல கழிச்சுக்கலாம்"னான்.

ரெண்டு வருஷத்துல முதல் தடவையா வீடுன்னு வாயில வந்துச்சு, அதுவும் இப்படி. மதினி அவன் முழங்கைல ஒரு இடி இடிச்சா. எனக்கு முதல்ல காது சூடாச்சு, அப்புறம் அந்த 2400 ஞாபகம் வந்துச்சு. "557 டாலருக்கு எத்தன பங்கு வரும்னு சொல்லு, எழுதிக் குடுக்கேன்"னேன். "கழிப்பறை எனக்கு"ன்னான். அவ்வளவுதான் நடந்துச்சு, கட்டிப்பிடிச்சு அழுதோம்னுல்லாம் எதிர்பாக்காதீங்க, எங்க வீட்டுல அந்தப் பழக்கம் இல்ல.

மிச்சத்த டப்பாவுல கட்டிக் குடுத்தாங்க. தேத்தா உள்ள போய் தூம் மட்டும் தனியா மூணு டப்பா கொண்டாந்து அம்மா கையில குடுத்தாங்க. கார் பார்க்குல நின்னு அம்மா பிரிச்சாங்க, கிப்பே இது உனக்கு, இது அவனுக்கு, கோழி பிள்ளைங்க இருக்கற வீட்டுக்கு, ரெண்டு வீட்டுலயும் பிள்ளைங்க இருக்குன்னு மதினி சொல்ல, சரி பாதிப் பாதி. பூண்டு மூணு டப்பா, அவனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, "இது என் பங்கு"ன்னு ஒண்ண கைப்பைக்குள்ள போட்டுக்கிட்டாங்க. நாங்களும் அதே வீட்டுக்குத்தான் போறோம், என் டப்பாவும் அதே ஃப்ரிட்ஜுலதான் இருக்கப் போகுது, ஆனா வேற டப்பாவாம்.

அன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்கு யூட்யூப்ல ரோம் பாத்தோம். போப்பாண்டவர் பிரான்சிஸ் பால்கனியில வந்தாரு, உடம்பு ரொம்ப முடியாம இருந்துச்சு, குரல் சரியாவே வரல, கையத் தூக்கி ஆசீர்வதிச்சாரு. அம்மா டிவிக்கு முன்னாடி முழங்கால் போட்டாங்க. திங்கள் காலையில பத்து மணிக்கு அண்ணன் கிளம்பிட்டான்.

சாயங்காலம் ஆறு மணி இருக்கும், அம்மா தோசைக்கு அந்தப் பூண்டத் தொட்டுத் தின்னுக்கிட்டு இருந்தாங்க, சட்னி வேண்டாம்னுட்டாங்க. ஃபோன் அடிச்சுது, அண்ணன், அவனா கூப்பிட்டது. "ஏட்டி, போப்பாண்டவர் இறந்துட்டாராம், இப்பத்தான் நியூஸ் வந்துச்சு, அம்மாகிட்ட மெதுவா சொல்லு." மெல்பர்ன் போற வழியில ஆல்பரி தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்ல நின்னுக்கிட்டு இருந்தான். ஸ்பீக்கர்ல போட்டேன். அம்மா கையில இருந்த தோசைய வச்சுட்டு சிலுவை போட்டாங்க, "நேத்து வந்து எல்லாருக்கும் சொல்லிட்டுப் போயிருக்காரு பாரு"ன்னாங்க. அப்புறம் மூணு பேரும் பேசிக்கிட்டே இருந்தோம், நாப்பது நிமிஷம், அவரப் பத்தி, அப்பா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாருன்னு, அந்தத் தேத்தாவப் பத்தி, டிசம்பர்ல லீவு எப்ப கிடைக்கும்னு, மாடி ஓட்டுக்கு எவ்வளவு ஆகும்னு அவன் கேட்டான், எனக்குத் தெரியலன்னேன், கேட்டுச் சொல்றேன்னான். ஃபிளாட்டுப் பேச்ச அவனும் எடுக்கல நானும் எடுக்கல. அது இன்னும் அப்படியேதான் இருக்கு.

"சரி வைக்கட்டா, கார் பூரா பூண்டு நாத்தம், இவ ஜன்னலத் திறந்து போட்டுக் குளுருது"ன்னான்.

அம்மா ஃபோனுக்குக் கிட்ட வாயக் கொண்டு போய் சத்தமா சொன்னாங்க: "ஏல, அது உன் பங்கு. வீட்டுக்குப் போனதும் ஃப்ரிட்ஜ்ல எடுத்து வையில."